தொட்டிச் செடியும் தோட்ட மண்ணும்

எங்கள் சபை ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூடுகிறது. கட்டடம் எங்களுடையது அல்ல. காலை பத்தரை மணிக்கு அங்கே ஆங்கில ஆராதனை நடக்கும். இருபது பேர் வருவார்கள்; பெரும்பாலானோர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு நாங்கள் வந்து கதவைத் திறப்போம். தமிழ்ப் பாட்டு, தமிழ்ப் பிரசங்கம், பிறகு மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும் ஊர்க்கதையும். இருபத்தைந்து வருடங்களாக இப்படித்தான். காலையில் வருபவர்களில் பலருக்கு எங்கள் பெயர் தெரியாது. எங்களுக்கும் அவர்கள் பெயர் தெரியாது. வாடகைக் காசோலை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் காலைச் சபையின் பொறுப்பாளரான மூதாட்டி எங்கள் நிர்வாகக் குழுவைப் பார்க்க வந்தார். கூரை ஒழுகுகிறது, மூன்று தேவாலயங்களுக்கு ஒரே போதகர், கட்டடத்தை மூடும் பேச்சு தொடங்கிவிட்டது என்றார். வாடகையைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு. நீங்கள் வாடகைக்கு இருப்பதை விட்டு எங்களோடு சேர்ந்து ஒரு புதிய சபையைத் தொடங்க முடியுமா என்று கேட்டார். எங்கள் பழைய சபைக்கு வந்து சேருங்கள் என்று கேட்கவில்லை, இரண்டு தரப்பும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்குவோம் என்றார்.

அவர் போன பிறகு நீண்ட நேரம் கதைத்தோம். எங்களில் மூத்தவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஊரை விட்டம், வீட்டை விட்டம். இதையும் விட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?" எவரும் பதில் சொல்லவில்லை.

சபையின் செயலாளர் நான். பதில் கடிதம் எழுத வேண்டியது என் வேலை. அதை எழுதாமல் ஆறு மாதங்கள் வாசித்துக்கொண்டிருந்தேன். சமயத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில் புதிதாக ஒரு சபையைத் தொடங்குவது என்றால் என்ன? இதற்கு முன்னர் யார் தொடங்கினார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது? அந்த வாசிப்பில் கண்டவைதான் இந்தக் கட்டுரை.

*

பிரித்தானியா ஒரு காலத்தில் பக்தி நிறைந்து வழிந்த நாடு, பிறகு ஏதோ ஒரு நாளில் காலியாகிவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் ஊர்களில் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் கட்டியவர்களில் பலர் புறப்பட்டு வந்த நாடு அல்லவா? ஆனால் பழைய கணக்குகள் இவ்வளவு எளிமையாக இல்லை. 1851 மார்ச் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த வழிபாட்டிடங்களில் அன்று தலை எண்ணினார்கள். அப்போது மக்கள்தொகை 1 கோடி 80 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அறிக்கையை எழுதிய ஹொரேஸ் மான், வரக்கூடிய நிலையில் இருந்தும் வராமல் விட்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார். விக்டோரியா காலத்துப் பெரியவர்கள் அதிர்ந்து போனார்கள்.

அவர்கள் கண்ட தீர்வு, இன்னும் கட்டுவது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, கொங்கிரிகேஷனல் என்று ஒவ்வொரு பிரிவும் மற்றதற்குப் போட்டியாகத் தேவாலயம் எழுப்பியது. சமூகவியலாளர் ரொபின் கில் 1993-இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஆசனங்களின் எண்ணிக்கை மக்களின் எண்ணிக்கையை விட வேகமாகக் கூடியது. ஆகவே மக்கள் பெருமளவில் விலகத் தொடங்கும் முன்பே பல தேவாலயங்கள் பாதி காலியாக இருந்தன. கடனும் பழுதுபார்க்கும் செலவும் சிறிய சபைகளின் கழுத்தை நெரித்தன. இன்று நாம் பார்க்கும் ஒழுகும் கூரைகளில் பலவற்றுக்கு அடித்தளம் போட்டது அந்தப் போட்டி.

உண்மையான சரிவு எப்போது தொடங்கியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நூறு வருடங்களாக மெதுவாக நடந்தது என்பார்கள் பலர். கல்லம் பிரவுன் 2001-இல் எழுதிய நூலில் அதை மறுத்தார். 1963-ஐ ஒட்டித் திடீரென நடந்தது என்கிறார் அவர். வீட்டில் சமயத்தைத் தாங்கி நின்றவர்கள் பெண்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தேவாலயம் வகுத்த வடிவத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தாய் போகாத இடத்துக்குப் பிள்ளை போகவில்லை. இந்த விளக்கத்தை வாசித்தபோது எங்கள் சபை நினைவுக்கு வந்தது. எங்களிடமும் பிள்ளைகளை உடுப்பு மாற்றிக் கூட்டிக்கொண்டு வருவது தாய்மார்தான்.

குடிசன மதிப்பீட்டில் சமயம் பற்றிய கேள்வி 2001-இல் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 71.7 வீதத்தினர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று குறித்தார்கள். 2011-இல் அது 59.3 ஆயிற்று. 2021-இல் 46.2, அதாவது பாதிக்கும் கீழே. "சமயம் இல்லை" என்று குறித்தவர்கள் அதே இருபது வருடங்களில் 14.8 வீதத்திலிருந்து 37.2 வீதமாக உயர்ந்தார்கள். அரசரே இன்னமும் இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநர். பிரபுக்கள் சபையில் 26 பேராயர்களுக்கு ஆசனம் உண்டு. மேலே மணி மாளிகை அப்படியே நிற்க, கீழே ஊர் எழும்பிப் போய்விட்டது.

2021 படிவத்தை எங்கள் வீட்டில் நிரப்பியது நான். மகளுக்கு அப்போது பதினேழு வயது. சமயம் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "அப்பா, எனக்கு இல்லை எண்டு போடுங்கோ." நான் போட்டேன். அந்த 37.2-க்குள் என் மகளும் இருக்கிறாள்.

*

இந்தச் சரிவை முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டது தமிழ்நாட்டில். லெஸ்லி நியூபிகின் 1909-இல் நியூகாசிலில் பிறந்தவர். ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக 1936-இல் சென்னைக்கு வந்தார். வந்த சிறிது காலத்திலேயே பஸ் விபத்தொன்றில் கால் முறிந்து திரும்பிப் போக வேண்டியிருந்தது. 1939-இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் தங்கினார். தமிழ் கற்றார். அங்கிருந்த இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து, ஒரு முறை உபநிடதமும் மறு முறை யோவான் சுவிசேஷமுமாக மாறிமாறி வாசித்தார்.

அந்த மடத்தின் மண்டபத்தில் உலகின் சமயப் பெரியோர் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடு நடக்கும். இயேசுவை இந்து உலகப் பார்வைக்குள் ஒரு மாடத்தில் வைத்துவிட்டார்கள் என்று நியூபிகின் அன்று நினைத்தார். தன் நாட்டவரும் இயேசுவைத் தங்கள் உலகப் பார்வைக்குள் அப்படியே ஒரு மாடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தனக்கு உறைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்தவர் வீட்டு மாடம் கண்ணில் படுகிறது, நம் வீட்டு மாடம் சுவராகவே தெரிகிறது.

1947 செப்டெம்பர் 27 அன்று சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்ற அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் மரபுகள் இங்கே ஒன்றாயின. இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. முதல் பேராயர்களில் ஒருவராக, மதுரை இராமநாதபுரம் பகுதிக்கு, 37 வயதான நியூபிகின் பொறுப்பேற்றார். அதே திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். வட்டுக்கோட்டையும் மதுரையும் அன்று ஒரே திருச்சபைக்குள் வந்தன.

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் நியூபிகின் பார்த்த சபைகள் சிறியவை. ஒரு போதகரின் பொறுப்பில் பல ஊர்கள். போதகர் எப்போதாவதுதான் வருவார். பாட்டு, செபம், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் உபதேசியாரும் ஊர்க்காரரும் பார்த்துக்கொண்டவை. ஒருவர் வேலை தேடி இன்னோர் ஊருக்குப் போனால் அங்கே ஒரு சின்னக் கூட்டம் தொடங்கும். வெளியிலிருந்து திட்டமும் பணமும் வராத இடங்களில்தான் சபை நன்றாக வேர்விட்டது என்பதை அவர் கவனித்தார்.

பிறகு சில காலம் உலகத் திருச்சபைகளின் மன்றத்தில் பணி, 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்றதும் இங்கிலாந்துக்குத் திரும்பிய விதம் அவருடைய குணத்தைச் சொல்லும். இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையுமாக, மனைவி ஹெலனுடன் உள்ளூர் பஸ்களில் ஏறி இறங்கித் தரைவழியாகவே பேர்மிங்ஹாம் போய்ச் சேர்ந்தார். வழியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது சில கிறிஸ்தவர்களோடு சேர்ந்து வழிபட முடிந்தது. துருக்கியின் கப்பதோக்கியாவில் மட்டும் எவரும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவ சிந்தனையின் பெரிய மையமாக இருந்த நிலம் அது. அங்கே கணவனும் மனைவியும் தனியாக வழிபட்டார்கள்.

1980-இல், எழுபது வயது தாண்டிய பிறகு, பேர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் பகுதியில் மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சின்ன ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபைச் சபையை அவரே பொறுப்பெடுத்தார். பக்கத்தில் சிறைச்சாலை. சுற்றிலும் தொழிற்சாலை வேலை இழந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும். வறியவர் வாழும் இடத்தை விட்டு வசதியானவர் வாழும் இடத்துக்குத் திருச்சபை ஒதுங்குவதை அவரால் ஏற்க முடியவில்லை. வீடு வீடாகப் போனார். ஆசியக் குடும்பங்கள், சீக்கியரோ முஸ்லிமோ இந்துவோ, பெரும்பாலும் உள்ளே அழைத்து உட்கார வைத்தன. ஆங்கிலேயர் வீட்டுக் கதவுகள் பலவும் முகத்துக்கு முன்னே சாத்தப்பட்டன. இந்தியாவில் தான் கண்ட எதிர்ப்பை விட இந்தக் குளிர்ந்த அலட்சியம் கடினமானது என்று எழுதினார். இந்தியாவிலிருந்து வந்தவருக்கு இங்கே எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டவர்களுக்கு, நம்பிக்கை மறைந்துவிட்டதுதான் என்றார். சென்னையின் சேரிகளிலே நாளை கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று எண்ணி உழைக்கும் மனிதரைப் பார்த்தவர் அவர். பேர்மிங்ஹாமில் அதைக் காணவில்லை.

இங்கேதான் அவர் தன் முக்கியமான முடிவுக்கு வந்தார். நவீன மேற்கு நாடு சமயம் இல்லாத வெற்றிடம் அல்ல. அதற்கும் தன் தெய்வங்கள் உண்டு, கேள்வி கேட்கப்படாத நம்பிக்கைகள் உண்டு. ஆகவே ஒரு மிஷனரி காஞ்சிபுரத்தில் எப்படி மொழியையும் மனத்தையும் கற்றாரோ அப்படியே இங்கும் கற்க வேண்டும். அந்த மக்களுக்கு நற்செய்தி என்னவென்று விளக்கிக் காட்டுவது பிரசங்கமோ புத்தகமோ அல்ல, அந்த நம்பிக்கையில் ஒன்றாக வாழும் ஒரு சாதாரண உள்ளூர்ச் சபை. 1989-இல் வந்த அவருடைய பன்மைச் சமூகம் பற்றிய நூலில் இதுவே மையமான வாதம். அவர் 1998-இல் காலமானார்.

*

நியூபிகின் வின்சன் கிரீனில் கதவைத் தட்டிய காலத்துக்கு முன்பே, பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு தொடக்கம் நடந்திருந்தது. 1948-இல் விண்ட்ரஷ் கப்பலோடு தொடங்கிய கரீபியர் வருகையில் பலர் ஊரில் பக்தியான அங்கிலிக்கர்கள், மெதடிஸ்தர்கள், பப்ரிஸ்தர்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனவர்களில் பலருக்கு, அடுத்த வாரம் வராமல் இருந்தால் நல்லது என்ற குறிப்புக் கிடைத்தது. இதற்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 2020-இல் மன்னிப்புக் கேட்டது. ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து.

அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. 1953-இல் ஜமேய்க்காவைச் சேர்ந்த ஒலிவர் லைசேயற் வுல்வர்ஹாம்ரனில் ஒரு வாடகை மண்டபத்தில் தொடங்கிய சிறு கூட்டம், புதிய ஏற்பாட்டுத் தேவ சபை என்ற பெயரில் நாடு முழுவதும் பரவியது. பிறகு மேற்கு ஆபிரிக்கர் வந்தார்கள். 1952-இல் நைஜீரியாவில் தோன்றிய மீட்கப்பட்ட கிறிஸ்தவ தேவ சபை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நிமிட தூரத்தில் ஒரு சபை என்பதையே தன் குறிக்கோளாக வைத்தது. பண்டகசாலை, மூடிய சினிமாக் கொட்டகை, பள்ளி மண்டபம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயமாயின. நாட்டின் மொத்தக் கணக்கு கீழே போய்க்கொண்டிருக்க, இவர்களின் கணக்கு மேலே போனது.

மிஷனரிகள் போன பாதையில் இப்போது எதிர்த்திசைப் பயணம் என்று இதைக் கொண்டாடி எழுதியவர்கள் பலர். ஆனால் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் ஒன்று உண்டு. இந்தச் சபைகளில் பெரும்பாலானவை தங்கள் மக்களிடையேதான் வளர்ந்தன. பக்கத்து வீட்டு ஆங்கிலேயரை அவை தொடவில்லை. தொட விரும்பாதது காரணம் அல்ல. தங்கள் மக்களுக்கு வேலை, வீடு, விசா, தனிமை என்று இருந்த தேவைகளே கைநிறைய இருந்தன. எங்களுக்கும் அப்படித்தான். எண்பதுகளில் வந்த தமிழ் இளைஞனுக்குச் சபை என்பது செபிக்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. கடிதம் மொழிபெயர்க்கவும், அறை தேடவும், செத்த வீட்டுக்குத் துணை நிற்கவும் அதுவே இடம்.

லண்டன் பிரிக் லேனில் ஒரு கட்டடம் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து ஓடி வந்த ஹியூகனோ அகதிகள் 1743-இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலேயரானார்கள், பிரெஞ்சு ஆராதனை தேய்ந்தது. 1819-இல் அது மெதடிஸ்தரிடம் போனது, 1898-இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரின் தொழுகைக்கூடமானது, 1976 முதல் பங்களாதேஷ் முஸ்லிம்களின் மசூதி. ஒவ்வொரு கூட்டமும் தன் மொழியோடு உள்ளே வந்தது. ஹியூகனோக்கள் வந்த காலத்தில் அவர்களின் நம்பிக்கை உறுதியானது. அதற்காக நாட்டையே விட்டு வந்தவர்கள். ஆனாலும் பிரெஞ்சு மொழி போனபோது அந்தச் சபையும் போயிற்று. அந்தச் சந்தில் நின்று கட்டடத்தைப் பார்த்தபோது எங்கள் மூத்தவரின் கேள்வியைத்தான் நினைத்தேன்.

*

ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. லண்டன் பிரொம்ரனில் உள்ள பரிசுத்த திரித்துவ தேவாலயம் 1985-இல் தன் உறுப்பினர்களில் ஒரு பகுதியைக் கென்சிங்ரனில் நலிந்திருந்த இன்னொரு தேவாலயத்துக்கு அனுப்பியது. போதகரை மட்டும் அனுப்பாமல் ஒரு கூட்டத்தையே பெயர்த்து நடுவது அவர்களின் முறை. 2009-இல் பிரைற்றனில் மூடுவதாக இருந்த புனித பேதுரு தேவாலயத்துக்கு இப்படி ஒரு குழு போய் அதை மீண்டும் நிரப்பியது. இங்கிலாந்துத் திருச்சபை 1994-இலும் 2004-இலும் புதிய சபைகள் பற்றி அறிக்கைகள் வெளியிட்டது. பள்ளிக்கூடத்தில், தேநீர்க்கடையில், வார நாளில் கூடும் சபைகளையும் சபை என்றே ஏற்றுக்கொள்ளலாம் என்றது இரண்டாவது அறிக்கை.

2021-இல், பத்து வருடத்தில் சாதாரண விசுவாசிகள் நடத்தும் 10,000 புதிய சபைகள் என்ற திட்டம் பேசப்பட்டபோது பெரும் சண்டை வந்தது. கட்டடம், சம்பளம் பெறும் போதகர், நீண்ட இறையியல் படிப்பு ஆகியவை வளர்ச்சிக்குத் தடைகள் என்று சொல்லப்பட்டதாகச் செய்தி வந்ததும், ஊர்த் தேவாலயங்களைக் காப்பாற்ற ஓர் இயக்கமே தொடங்கியது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு தெருவும் யாரோ ஒரு போதகரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற பழைய பங்கு முறையில் ஒரு கருணை உண்டு: நம்பாதவனும் அந்தப் போதகரின் பொறுப்புத்தான். இன்னொரு பக்கம், வரவேண்டியவர்கள் வருவார்கள் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது.

புதிய சபைகளின் மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு, அவை ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களை, குறிப்பாக மாணவர்களையும் படித்த இளைஞர்களையும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகின்றன என்பது. நிரம்பிய மண்டபம் பார்க்க நன்றாக இருக்கும். அருகில் இன்னும் இரண்டு மண்டபங்கள் காலியானால் மொத்தக் கணக்கில் மாற்றமில்லை. கில் காட்டிய விக்டோரியா காலப் போட்டி இன்னொரு வடிவத்தில் திரும்பி வரும் அபாயம் இது.

*

இந்த வரலாற்றில் தமிழருக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. நாம் அதை மறந்துவிட்டோம். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துக் கடலுக்கு அப்பால் ஊழியரை அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டார். தங்களை விட எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலிச் சபை அதைச் செய்யவில்லையே என்று. அடுத்த ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதன் ஊழியராக அசரியாவே 1909-இல் ஐதராபாத் நிசாமின் நாட்டில் இருந்த தோர்ணக்கலுக்குப் போனார். 1912-இல் அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் இதுதான். தோர்ணக்கலில் அசரியா தமிழ்ச் சபை தொடங்கவில்லை. தெலுங்கு கற்றார். தெலுங்கு பேசும், பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்களிடையே தெலுங்குச் சபை பிறந்தது. அதை அவர்களே நடத்தப் பழக்கினார். 1939-இல் அங்கே எழுந்த பேராலயம் இங்கிலாந்துப் பாணியில் இல்லை. கோயிலின் சாயலும் மசூதியின் சாயலும் அதில் உண்டு. தமிழரின் காணிக்கையில் தொடங்கிய சபைகள் தமிழ் தெரியாமலே இன்றும் வாழ்கின்றன. இந்த மதமாற்றங்கள் காந்தியோடு கடும் கருத்து வேறுபாட்டைக் கொண்டுவந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் புதிய சபை என்ற சொல்லைக் கேட்டால் பலருக்கு இன்றும் சந்தேகம் வரும். அந்த வாசகர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே அதிகாரத்தின் துணையோடு எவரும் வரவில்லை. வாடகைக்கு இருப்பவர்களிடம் வீட்டுக்காரர் உதவி கேட்கிறார்.

யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ், 1948-இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடங்கியபோது தொடக்கப் பிரசங்கம் செய்த மெதடிஸ்தப் போதகர். அவர் சொன்னதாக ஓர் உவமை சொல்வார்கள். மிஷனரிமார் செடியை மட்டும் கொண்டு வரவில்லை, அவர்கள் நாட்டுத் தொட்டியோடு கொண்டு வந்தார்கள். இப்போது நாம் தொட்டியை உடைத்துச் செடியை நம் மண்ணில் நட வேண்டும் என்பது அதன் சாரம். சின்ன வயதிலிருந்து கேட்ட உவமை. வெள்ளைக்காரனின் தொட்டி என்று கைதட்டினோம். இந்த ஆறு மாதத்தில்தான் அது எங்களையும் நோக்கித் திரும்பியது. நாங்களும் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அந்தத் தொட்டியில் நல்லவை நிறைய உண்டு. எங்கள் பாட்டு, செத்த வீட்டில் எவரும் தனியாக நிற்காத பழக்கம், தாய் மொழியில் செபிக்கும்போது வரும் கண்ணீர். அதற்குள் வேறும் உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இருநூறு வருடம் ஆகப்போகிறது. லண்டனில் கலியாணம் பேசும்போது அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் மொழி விளங்காததால் மட்டும் போகவில்லை.

மகளிடம் இதை ஒரு நாள் கேட்டேன். இப்போது அவள் பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டாள். "பாட்டு எனக்குப் பிடிக்கும் அப்பா," என்றாள். "ஆனா அங்க நான் எப்பவும் உங்கட மகள்தான். நான் ஆர் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை." கொஞ்சம் நேரம் கழித்துக் காலையில் வரும் அந்த மூதாட்டியைப் பற்றிக் கேட்டாள். பெயர் என்ன என்றாள். அன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது, சொன்னேன்.

*

பதில் கடிதத்தைச் சென்ற மாதம் எழுதினேன். அதற்கு முன் நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டங்கள் சூடாக நடந்தன. மூத்தவரின் கேள்வியை எவராலும் தட்டிவிட முடியவில்லை, தட்டிவிடவும் கூடாது. தமிழ் ஆராதனை மூன்று மணிக்குத் தொடரும் என்று முதலில் எழுதினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் எல்லோரும் ஒன்றாகக் கூடுவது, அன்றைய பாட்டையும் வாசிப்பையும் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் தெரிவு செய்வது, கூரைக்கு நாங்களும் பொறுப்பு, தெருவில் தனியாக வாழும் முதியவர்களுக்குப் புதன்கிழமைகளில் மதிய உணவு. வருபவரிடம் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. வாடகை என்ற சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை.

இது சபை நாட்டுதலா என்று எனக்குத் தெரியாது. கூரை நிற்குமா, மேலிடம் மூடிவிடுமா என்பதும் தெரியாது. ஹியூகனோக்களின் கதை எங்களுக்கும் நேரலாம். ஆனால் அசரியாவுக்கு வயது முப்பத்தைந்தில் தெலுங்கு எழுத்துப் படிக்க முடிந்தது. நியூபிகினுக்கு எழுபதுக்கு மேல் வின்சன் கிரீன் தெருக்களில் கதவு தட்ட முடிந்தது.

முதல் புதன்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். நான்கு பேர் தேவாலயத்துக்குள் முன்பு கால் வைத்ததில்லை என்றார்கள். சோறும் பருப்பும் கோழிக்கறியும் சமைத்தது எங்கள் மூத்தவரின் மனைவி. மூத்தவரும் வந்திருந்தார். கதவருகில் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்த ஒவ்வொருவரிடமும் தன் ஆங்கிலத்தில் பெயர் கேட்டு, ஒரு பழைய கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.